கொசுவலைக்குள் இருந்த குரல்

எங்கள் எஜமான் ஷிகிதா நாகாமோரி இறந்தது ஆறாம் மாதம் நான்காம் தேதி, காலைக் கஞ்சி வேளைக்குச் சற்று முன்பு. ஊருக்கும், நாட்டை ஆளும் ஷோகனின் அரண்மனைக்கும் அவர் இறந்தது பதினைந்தாம் தேதி. நடுவில் இருந்த நாட்களில் அவரை உயிரோடு வைத்திருந்தவர் என் கணவர் ஹன்னோஜோ.

நெகுரா சமஸ்தானம் என்றால் ஷோகன் இருக்கும் எடோ நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, பதினேழு கிராமங்கள், கோட்டை கட்ட அனுமதி இல்லாததால் அகழி சூழ்ந்த ஒரு மாளிகை. ஷோகனின் பிரபுக்கள் பட்டியலைக் கீழேயிருந்து படித்தால் எங்கள் பெயர் சீக்கிரம் வந்துவிடும். ஆனாலும் பெரிய பிரபுக்களைப் போலவே எங்கள் எஜமானும் ஒரு வருடம் ஊரில், ஒரு வருடம் எடோவில் என்று இருந்தாக வேண்டும். எடோ மாளிகையின் மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

என் மாமியார்தான் எஜமானுக்குப் பால் கொடுத்தவர். அதனால் எஜமானும் என் கணவரும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். எஜமானுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இரண்டு சொல் பேசுவார், மூச்சு வாங்குவார், பிறகு இரண்டு சொல். அந்தப் பேச்சை ஹன்னோஜோ அச்சாகப் பேசுவார். பாடம் சொல்ல ஆள் வரும்போது எஜமான் பின்பக்கமாக நழுவிவிட, போர்வைக்குள் சுருண்டு படுத்து, "இன்னிக்கு... முடியல" என்று முனகுவது இவர்தான். பெரியவர்களான பிறகும் விருந்துகளில் எஜமான் அதைப் பேசிக் காட்டச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

நான்காம் தேதி காலை இழுப்பு கடுமையாக வந்தது. வைத்தியர் ரியோதெத்சு நெஞ்சில் எண்ணெய் தேய்த்தார். என் கணவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். உள்ளே பணிவிடைக்கு இருந்த நான் வாசலில் நின்றேன். எஜமான் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். கிண்ணத்தோடு நான் திரும்பி வந்தபோது அதைக் குடிக்க ஆள் இல்லை.

பிரதானி குவாயாமா வந்தார். சமஸ்தானத்து வேலைகள் முழுவதும் அவர் கையில்தான். எஜமானின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒவ்வொருவராக, எண்ணுவது போல.

"கிசா, கதவைச் சாத்து" என்றார் என்னிடம்.

சாத்தினேன்.

"எஜமானுக்கு முப்பத்திமூணு வயசு. பிள்ளை கிடையாது. வாரிசுன்னு யாரையும் எழுதி வைக்கல. வாரிசு இல்லாம பிரபு செத்தா நிலம் ஷோகனுக்குப் போயிடும். உங்களுக்குத் தெரியும்."

எங்களுக்குத் தெரியும். அப்படி நிலத்தை இழந்த வீடுகளின் ஆட்கள் எடோவின் பாலங்களில் வாளை விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறோம்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. சாகக் கிடக்கிற பிரபு தத்து எடுத்துக்கலாம். ஆனா ஷோகனோட கண்காணிப்பு அதிகாரி நேர்ல வந்து, பிரபு வாயாலயே கேட்டுட்டுப் போகணும். எஜமானோட அண்ணன் மகன் சுகேயாசு இருக்கான். இன்னிக்கே மனு கொடுக்கறேன்."

வைத்தியர் தயங்கினார். "ஐயா, அது சாகறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது. இப்போ செத்தாச்சே."

"யார் செத்தது?" என்றார் குவாயாமா.

அவர் என் கணவரின் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊழியர் நூத்திப் பன்னெண்டு குடும்பம், ஹன்னோஜோ. நீ விருந்துல பேசுவியே, அது மாதிரி பேசு."

அந்த வெயில் காலத்தில் உடலை மெத்தையில் வைத்திருக்க முடியாது. களஞ்சியத்திலிருந்து ஒரு பெரிய ஊறுகாய்த் தாழியை வைத்தியரும் என் கணவரும் உருட்டி வந்தார்கள். உப்பு நான் கொண்டுவந்தேன். சமையல்காரன், "இவ்வளவு உப்பு எதுக்கும்மா?" என்று கேட்டான். "எஜமானுக்கு உப்பு ஒத்தடம்" என்றேன். மூன்றாவது மூட்டைக்கு வந்தபோது அவன் கேட்கவில்லை. தாழியைப் படுக்கை அறையின் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவை இழுத்தோம். மெத்தைக்கு மேல் பச்சைக் கொசுவலையைக் கட்டினோம். அதற்குள் எஜமானின் இரவு அங்கியைப் போட்டுக்கொண்டு என் கணவர் படுத்துக்கொண்டார்.

வெளித் தாழ்வாரத்தில் தினமும் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். இசோபே, குதிரை லாயத்தின் தலைவர், அறுபதை நெருங்கியவர். எஜமானைக் குதிரையில் முதன்முதலாக ஏற்றி உட்கார வைத்தவர் அவர்தான். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் காலையில் வந்து வெயில் சாயும்வரை முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் குவாயாமா என் கணவரின் காதருகே குனிந்தார். "அந்த ஆள் நம்பினா ஊரே நம்பும். பேசு."

வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு... இசோபேவா. குதிரைங்களுக்கு... தண்ணி காட்டியாச்சா."

தாழ்வாரத்தில் நெற்றி பலகையில் இடிக்கும் சத்தம் கேட்டது. "காட்டியாச்சு எஜமானே! காட்டியாச்சு!" அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். விசிறிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வலைக்குள் என் கணவரும் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆறாம் நாள் பிரதானியின் வீட்டு வேலைக்காரி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் மடித்த வெள்ளைப் பட்டு.

"அம்மா கொடுத்தாங்க. உங்க வீட்டுக்காரர் அளவுக்குத் தெச்சு வைக்கச் சொன்னாங்க."

"எதுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். வெள்ளை அங்கி எதற்கென்று எனக்கா தெரியாது? பிரபு இறந்தால் அவருக்கு நெருக்கமானவர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கூடப் போவது அப்போது வழக்கத்தில் இருந்தது. பெரிய சமஸ்தானங்களில் பத்துப் பேர், பதினைந்து பேர்கூடப் போவார்கள். ஆனால் பிரபு தன் வாயால் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் அது நாய்ச் சாவு என்பார்கள்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியே எட்டிப் பார்த்தாள். "கொடுத்து வச்சவ நீ, கிசா. எஜமானுக்கு ஏதாவது ஆனா உங்க வீட்டுக்காரர் கூடப் போறாராமே. பிரதானி வீட்டுல பேசிக்கறாங்க. உன்னைக் கடைசி வரைக்கும் சமஸ்தானமே வச்சுக் காப்பாத்தும்." அவள் முகத்தில் துளிகூடக் கள்ளம் இல்லை. உண்மையாகவே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். மறுநாள் இன்னொருத்தி உலர்ந்த மீன் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மறுநாள் ஹன்னோஜோ தெருவில் நடந்தபோது ஆண்கள் ஒதுங்கி நின்று தலை வணங்கினார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். "கிசா... தண்ணி" என்றார்.

எஜமானின் குரல். என் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

அவருக்கே தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் வெள்ளைப் பட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "இதைத் தெக்கணுமா வேண்டாமா? சொல்லுங்க."

அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "தெச்சு வை" என்றார்.

"எஜமான் உங்களைக் கூப்பிட்டாரா?"

"கிசா."

"நான் வாசல்ல நின்னேன். அவர் கடைசியாக் கேட்டது தண்ணி. உங்களை இல்ல."

"கூப்பிடலதான். ஆனா எல்லாரும் நான் போவேன்னு முடிவு பண்ணிட்டாங்க. போகலைன்னா தெருவுல நடக்க முடியாது. அதுவும் இல்லாம..." குரலைத் தாழ்த்தினார். "குவாயாமா ஐயாவுக்கு இது எவ்வளவு வசதி பாரு. உள்ள நடந்தது தெரிஞ்சவன் ஒருத்தன் மானத்தோட போய்ச் சேர்ந்துடுவான். கத்தியை அவர் எடுக்கவே வேண்டாம்."

"உங்களுக்குச் சாக ஆசையா?"

"இல்லை" என்றார். அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாக மாட்டேன் என்று சொல்லக்கூட இந்த மனிதருக்கு எஜமானின் குரல் வேண்டும் போலிருக்கிறது என்று கத்தினேன். கோபத்தில் கண்டபடி பேசுகிறோம் இல்லையா, அப்படித்தான் சொன்னேன். அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்.

பதின்மூன்றாம் தேதி காலை கண்காணிப்பு அதிகாரி கசாமா வந்தார். ஒல்லியான மனிதர். வியர்வையே இல்லாத முகம். கூட இரண்டு எழுத்தர்கள். குவாயாமா அவர்களை அழைத்துவந்து வலைக்கு ஆறடி தள்ளி உட்கார வைத்தார். வைத்தியர் ஒரு பக்கம், விசிறியோடு நான் இன்னொரு பக்கம். வெளியே தாழ்வாரத்தில் இசோபேயும் மற்ற அதிகாரிகளும் வரிசையாக இருந்தார்கள். கொசு விரட்டவென்று மூன்று சட்டிகளில் தழை போட்டுப் புகைத்திருந்தோம். கற்பூரமும் வைத்திருந்தோம். அப்படியும் அந்த அறையில் ஒரு வாடை இருந்தது.

கசாமா வைத்தியரை விசாரித்தார். வைத்தியர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். பிறகு குவாயாமா தத்து மனுவைப் படித்தார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். அலமாரிக் கதவின் அடியிலிருந்து பாயின் மேல் ஈரம் மெல்லக் கசிந்து வந்துகொண்டிருந்தது. தாழி விரிசல் விட்டிருக்க வேண்டும். விரல் அகலத்துக்கு ஒரு கோடு, கசாமா உட்கார்ந்திருந்த திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் விசிறியபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து என் அங்கியை அதன் மேல் பரப்பினேன். முழங்காலில் சில்லென்று நனைந்தது. தலை நிமிர்ந்தபோது கசாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உள்ள புழுக்கமா இருக்கும். நல்லா விசிறுங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் இல்லை. தெரிந்தும் அவர் வலையின் பக்கம் திரும்பினார்.

"நாகாமோரி பிரபு அவர்களே, அண்ணன் மகன் சுகேயாசுவைத் தத்து எடுக்கறது உங்க விருப்பம்தானா?"

"என்... விருப்பம்தான்" என்றது குரல். "நெகுராவை... அவன்கிட்ட... ஒப்படைக்கிறேன்."

எழுத்தர்களின் தூரிகைகள் ஓடின. குவாயாமாவின் தோள்கள் தளர்ந்தன. முடிந்தது என்று நினைத்தேன்.

கசாமா எழுந்திருக்கவில்லை. "இன்னொரு விஷயம். பிரபு செத்தா கூடவே நாலு பேர் சாகறது இப்போ அதிகமாயிடுச்சு. ஷோகனோட மூத்த மந்திரிகளுக்கு அது பிடிக்கல. இந்த வீட்டுல அப்படி யாராவது கேட்டிருக்காங்களா?"

குவாயாமா உடனே முன்னால் நகர்ந்தார். "ஒரே ஒருத்தர். எஜமானோட பால் சகோதரன் ஹன்னோஜோ. எஜமான் ஏற்கெனவே அனுமதி கொடுத்துட்டாங்க."

"அந்த ஹன்னோஜோ எங்கே?"

"கோவில்ல விரதம் இருக்கார்."

கசாமா வலையைப் பார்த்துக் கேட்டார். "அப்படியா, பிரபு அவர்களே? ஹன்னோஜோவுக்கு அனுமதி கொடுத்தீங்களா?"

வலைக்குள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அது நடிப்பில்லை. என் விசிறி ஓடிக்கொண்டிருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

"இல்லை" என்றது குரல். "யாருக்கும்... கொடுக்கல. எனக்குப் பின்னால... யாரும் வரக் கூடாது. சுகேயாசுவுக்கு... ஆள் வேணும். இது... என் உத்தரவு."

கசாமா முதல்முறையாகப் புன்னகைத்தார். "எழுதிக்கோ" என்றார் எழுத்தரிடம். "மந்திரிகள் சந்தோஷப்படுவாங்க."

குவாயாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பாயில் ஊன்றியிருந்த அவர் விரல்களைத்தான் பார்த்தேன். நகங்கள் வெளுத்திருந்தன. அவரால் மறுத்துப் பேச முடியாது. அது எஜமானின் குரல் இல்லை என்று சொன்னால் நெகுராவே இல்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பெரிய முலாம்பழத்தோடு. பிரதானி வரிசை வீட்டுக்கு வருவதை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"நல்லாப் பேசினே, ஹன்னோஜோ."

"ஐயா சொல்லிக் கொடுத்ததுதான்."

"நான் சொல்லிக் கொடுக்காததையும் பேசினே." பழத்தை என்னிடம் நீட்டினார். "கிணத்துல இறக்கிக் குளிர வை, கிசா. உங்க ரெண்டு பேருக்கும் நெகுராவுல ஒரு வீடு பார்த்திருக்கேன். மலைக் காவல் சாவடி. அமைதியான இடம். பேச்சுக்கே ஆள் இருக்காது." போகும்போது வாசலில் திரும்பி நின்றார். "தொண்டையைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

பதினைந்தாம் தேதி எஜமானின் மரணம் அறிவிக்கப்பட்டது. உடலை உப்போடேயே எரித்தார்கள். ஏழாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் வைத்தியர் ரியோதெத்சு மாளிகைக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் மிதந்தார். குடித்துவிட்டு விழுந்திருப்பார் என்றார்கள். அவர் குடிக்க மாட்டார். சாராய வாடை பட்டாலே உடம்பில் தடிப்பு வரும் அவருக்கு. அதற்குப் பிறகு என் கணவர் என்னைத் தவிர வேறு யார் கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை.

வெள்ளைப் பட்டைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை. தெருவில் யாரும் வணங்கவும் இல்லை. உலர்ந்த மீன் கொடுத்தவள் என்னைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விட்டாள். எஜமானே தடுத்திருந்தாலும், தடுக்கப்பட்டதில் இவருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது.

இசோபே வந்தது அந்த வாரத்தில்தான். பட்டப்பகலில், குளித்து, தலை வாரி, நல்ல அங்கி உடுத்தி வந்தார். நான் தேநீர் வைத்தேன். அதைப் பார்க்காமல் என் கணவரிடம் பேசினார்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, பன்றி வேட்டையில எஜமான் குதிரையிலேர்ந்து விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? அவரை முதுகுல தூக்கிக்கிட்டு நான்தான் மலை இறங்கினேன். வழியில சொன்னார்: 'இசோபே, நான் போறப்போ... நீயும் வா.' நானும் அவரும் மட்டும்தான். வேற யாருக்கும் தெரியாது."

என் கணவர் தரையைப் பார்த்தார்.

"எஜமான் எதையும் மறக்கிறவர் இல்ல. என் லாயத்துல எந்தக் குதிரை எந்தக் காலை நொண்டுதுன்னு அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் 'யாருக்கும் கொடுக்கல'ன்னு சொல்லுவாரா? தாழ்வாரத்துல கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் இது அவர் இல்லன்னு தோணிடுச்சு. குரல் அவருதுதான். ஆனா அவர் இல்ல." மூச்சை இழுத்துவிட்டார். "அன்னிக்கு அவர் உயிரோட இருந்தாரா?"

நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். 'இருந்தார்' என்று சொன்னால் இந்தப் பெரியவர் எஜமான் தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பார். 'இல்லை' என்று சொன்னால் எங்கள் எல்லாருடைய கழுத்தும் அவர் கையில்.

"இல்லை, அண்ணே" என்றார் என் கணவர்.

"எப்போ?"

"நாலாம் தேதி."

இசோபே தலையை ஆட்டிக்கொண்டார். "அப்போ குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேட்டது நீ."

"நான்தான்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ உயிரோட இருக்கணும்னு ஆசைப்பட்டே. அது குத்தம் இல்ல தம்பி. உனக்கு வயசு முப்பத்திமூணு. ஆனா உன் சாவைத் தள்ளி வைக்கிறப்போ என் சாவையும் சேர்த்து எடுத்துக்கிட்டே. இப்போ நான் வயித்தைக் கிழிச்சுக்கிட்டா, அதிகாரி எழுதிக்கிட்டுப் போன உத்தரவை மீறினவன். ஏன் மீறினான்னு கேப்பாங்க. தோண்டுவாங்க."

"அண்ணே, நான்..."

"நீ எதுவும் பண்ண வேண்டாம். எனக்குப் பசி எடுக்கல, அவ்வளவுதான். வயசானவனுக்குப் பசி எடுக்காதது அதிசயமா?"

அன்றிலிருந்து இசோபே சாப்பிடவில்லை. லாயத்தை ஒட்டிய தன் அறையில் படுத்துக்கொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினார். குவாயாமா ஆள் அனுப்பி விசாரித்தார். பிறகு விசாரிப்பதை நிறுத்திவிட்டார். அந்த நோய் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

என் கணவர் தினமும் காலையில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சில நாள் நானும் போனேன். அவர்கள் எஜமானைப் பற்றித்தான் பேசினார்கள், அவர் சின்ன வயதில் செய்த விஷமங்களைப் பற்றி. ஒருமுறை இருவரும் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். பத்தொன்பதாம் நாள் இசோபேயின் உதடுகள் வெடித்திருந்தன. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"தம்பி, அன்னிக்கு நீ சொன்னது காதுலேயே நிக்குது. 'யாரும் வரக் கூடாது.' பொய்னு தெரியும். தெரிஞ்சும் அவர் குரல்ல கேட்டுட்டேன், பாரு. அதைத் தாண்டிப் போக முடியல. நீதானே சொன்னே. நீயே மாத்திச் சொல்லு."

ஹன்னோஜோ என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். லாயத்தில் ஒரு குதிரை காலை உதைத்தது.

"இசோபே..." என்றார் என் கணவர். இரண்டு சொல், ஒரு மூச்சு. "நீ... வா."

"வரேன் எஜமானே" என்றார் இசோபே. மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் நெகுராவுக்குப் போனோம். மலைச் சாவடியில் ஒன்பது வருடங்கள். உரலில் இடித்த தினைச் சோறும் காட்டுக் கீரையும். குளிர் காலத்தில் நான்கு மாதம் பனி மூடிவிடும். கணவர் மிகக் குறைவாகப் பேசினார். பேசினாலும் கிசுகிசுப்பாகத்தான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் குவாயாமாவின் ஆள் ஒருவன் உப்பிட்ட மீனோடு வருவான். "ஐயா நலம் கேட்டார். குரல் எப்படி இருக்கு?" என்பான். என் கணவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைப்பார். அந்த மீனை மண்ணில் புதைப்பேன். இசோபே போன எட்டாவது வருடம் பிரபுவுக்குப் பின் கூடப் போவதை ஷோகனே தடை செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. கணவர் அன்று முழுவதும் விறகு பிளந்துகொண்டே இருந்தார். ஒன்பதாவது வருடம் குவாயாமா இறந்தார். அந்தப் புத்தாண்டுக்கு யாரும் வரவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினேன்.

நான்காம் மாதம், பனி உருகியதும், எடோவிலிருந்து இரண்டு பேர் குதிரையில் வந்தார்கள். குவாயாமாவின் மகன் இப்போது பிரதானி. அவனுடைய முத்திரை பதித்த கடிதம். எஜமான் சுகேயாசுவுக்கு உடம்பு சரியில்லை, ஹன்னோஜோ உடனே வரவும், எதுவும் கொண்டுவர வேண்டாம்.

"அவருக்குப் பிள்ளை இருக்கா?" என்று வந்தவர்களிடம் கேட்டேன். ஒருவன் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டான்.

"போகாதீங்க" என்றேன் கணவரிடம். "அந்தப் பிரபுவோட குரலை நீங்க கேட்டதே இல்லையே. எப்படிப் பேசுவீங்க?"

"சாகக் கிடக்கிறவங்க குரலெல்லாம் ஒண்ணுதான், கிசா. வெளியே இருக்கிறவங்களும் அந்தக் குரலைக் கேக்கணும்னுதான் ஆசைப்படுவாங்க." செருப்பின் வாரைக் கட்டினார். "நூத்திப் பன்னெண்டு குடும்பம். இப்போ இன்னும் அதிகம் இருக்கும்."

"இந்தத் தடவை உங்களுக்கு யார் பேசுவாங்க?"

அவர் என் தலையில் கை வைத்தார். வந்தவர்களுக்கு நடுவே நடந்து போனார். வளைவு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாம் மாதம் செய்தி வந்தது. எஜமான் சுகேயாசு கண்காணிப்பு அதிகாரி முன்னால் முறைப்படி தத்து எடுத்து, நான்கு நாள் கழித்துக் காலமானார். நெகுரா பிழைத்தது. ஊர் மாளிகையில் மூன்று நாள் துக்கம், பிறகு புது எஜமானுக்கு விருந்து.

ஏழாம் மாதம் ஒரு சிப்பாய் சாம்பல் கலயத்தோடு சாவடிக்கு ஏறி வந்தான். திரும்பி வரும் வழியில் ஒரு சத்திரத்தில் ஹன்னோஜோவுக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டே நாளில் போய்விட்டார் என்றான். எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவரால பேச முடியல. தொண்டை வீங்கிக் கருத்துப் போயிருந்தது."

அவனை உட்காரச் சொல்லி, மலை ஏறி வந்த களைப்புக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். அவன் கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்கருகே கொண்டுபோய், ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தான்.